பத்தொன்பது பேர்

ஒரகடத்தில் கார் இருக்கைகள் செய்கிற அந்தக் கம்பெனியின் ஒவ்வொரு மூலையும் கனகலட்சுமிக்குத் தெரியும். எந்தக் குழாயை எவ்வளவு திருகினாலும் சொட்டு நிற்காது, எந்த ஷிப்ட் முடிந்ததும் எந்தத் தரை வழுக்கும், கேன்டீன் மேசையில் படிகிற மஞ்சள் கறைக்கு எந்த மருந்துத் தண்ணியை எவ்வளவு கலக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் கை சொல்லும். நாசரேத் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் செல்போன் கம்பெனி வேலைக்கென்று வந்தவள். அந்தக் கம்பெனி மூடியபோது கூட வந்த பெண்கள் பாதிப்பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். இவள் போகவில்லை. துடைப்பத்தைக் கையில் எடுத்து, மூன்றே வருஷத்தில் ஹவுஸ் கீப்பிங் சூப்பர்வைசர் ஆனாள். தம்பிகளைப் படிக்க வைத்ததில் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் வீட்டில் அந்தப் பேச்சே நின்றுவிட்டது. அதைப் பற்றி அவளும் பேசுவதில்லை.

அவள் கீழே இருபத்திரண்டு பெண்கள். சம்பளம் கொடுத்தது தாம்பரத்துக்காரர் ஒருவரின் கான்ட்ராக்ட் நிறுவனம். 2023 ஜனவரியில் அவர் உடம்புக்கு முடியாமல் தொழிலை விட்டுவிடப் போவதாகச் சொன்னார். மார்ச் முப்பத்தொன்றோடு ஒப்பந்தம் முடிகிறது. அவர் சொன்ன மறுநாளே கம்பெனியின் நிர்வாக மேலாளர் வெங்கடேசன் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

வெங்கடேசன் நல்ல மனிதர். பெண்களுக்கென்று உடை மாற்றும் அறை கேட்டபோது மேலிடத்தோடு ஒரு வருஷம் மல்லுக்கட்டி வாங்கிக் கொடுத்தவர். அவளை உட்காரச் சொன்னார். அந்த அறை நாற்காலியை அவள் ஆயிரம் தடவை துடைத்திருக்கிறாள். உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"நீங்களே எடுத்துக்குங்க கனகலட்சுமி. ஆளுங்க உங்க ஆளுங்க, வேலை உங்க வேலை. நடுவுல இன்னொருத்தர் எதுக்கு? பேப்பர் மட்டும் ரெடி பண்ணிடுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்."

ஒரு தாளில் ஏழு வரி எழுதிக் கொடுத்தார். சிறுதொழில் பதிவு, ஜி.எஸ்.டி., ஊராட்சி உரிமம், கடைகள் சட்டப் பதிவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ., கடைசியாகத் தொழிலாளர் துறையின் கான்ட்ராக்டர் லைசென்ஸ். அவள் அதை நாலாய் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் மூன்று தடவை எடுத்துப் பார்த்தாள். ஏழுதானே என்று தோன்றியது.

ஒரகடம் கூட்ரோட்டில் கவிப்பிரியா என்ற பெண் ஆன்லைன் சேவைக் கடை வைத்திருந்தாள். பி.காம். முடித்தவள், வாய் ஓயாமல் பேசுகிறவள். சிறுதொழில் பதிவை அவள் கால் மணி நேரத்தில் முடித்துக் கையில் கொடுத்துவிட்டாள். நிறுவனத்துக்கு என்ன பேர் என்று கேட்டபோது கனகலட்சுமி யோசிக்கவே இல்லை. ஊரில் கும்பிடுகிற முப்பிடாதி அம்மன் பேரைச் சொன்னாள். 'ஸ்ரீ முப்பிடாதி ஹவுஸ் கீப்பிங் சர்வீசஸ்' என்று அச்சடித்து வந்த தாளில், உரிமையாளர் என்ற இடத்துக்கு எதிரே தன் பெயர் இருப்பதை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

சங்கடம் இரண்டாவது வரியில் ஆரம்பித்தது. ஜி.எஸ்.டி.க்கு முகவரி வேண்டும். முகவரிக்கு வீட்டுக்காரர் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும், வீட்டுவரி ரசீதும் கரண்ட் கார்டு நகலும் தர வேண்டும். அவள் குடியிருந்தது வடக்குப்பட்டில் தசரதன் வீட்டுப் பின்கட்டில். தசரதனின் மனைவி முனியம்மாள் அவளுடைய இருபத்திரண்டு பேரில் ஒருத்தி. கேன்டீன் பகுதியை ஒன்பது வருஷமாகக் கூட்டித் துடைப்பவள். வீட்டில் அவள் கனகலட்சுமிக்கு வீட்டுக்காரம்மா, கம்பெனிக்குள் கனகலட்சுமி அவளுக்கு சூப்பர்வைசர். இரண்டுக்கும் நடுவில் அவர்களுக்குள் ஒரு நாளும் மனத்தாங்கல் வந்ததில்லை.

தசரதன் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். முன்பொரு தடவை புரோக்கர் நீட்டிய தாளில் அவர் போட்ட கையெழுத்தில் ஒன்றரை ஏக்கர் கை மாறிவிட்டது. அதற்குப் பிறகு கூரியர்காரன் நீட்டுகிற தாளில்கூட மனைவியைத்தான் போடச் சொல்வார். போதாக்குறைக்கு, ஊரை ஒட்டி இன்னொரு தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. வீட்டில் வியாபாரம் நடக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கு நஷ்டஈட்டில் கை வைப்பார்கள் என்று டீக்கடையில் யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். உண்மையா என்று கவிப்பிரியாவுக்கும் தெரியவில்லை. ஊராட்சி அலுவலகத்தில் கேட்டதற்கு அவர்களுக்கும் தெரியவில்லை.

முனியம்மாள் புருஷனோடு சண்டை போடவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு நாள். ஒன்பதாம் நாள் காலையில் தசரதன் தானாகப் பின்கட்டுக்கு வந்து தாளைக் கேட்டார். ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்திப் போட்டார். போட்டு முடித்த பிறகும் பேனாவைத் தராமல் நின்றார்.

"இத்தால எனக்கு ஒன்னியும் ஆவாதே?"

"ஒன்னும் ஆகாதுண்ணே," என்றாள் கனகலட்சுமி. ஆகுமா ஆகாதா என்று அவளுக்குத் தெரியாது.

பிப்ரவரி முழுவதும் ஓட்டம்தான். காலை ஷிப்டை முடித்துக்கொண்டு மத்தியானம் ஏதாவது ஓர் அலுவலகம். ஜி.எஸ்.டி. அதிகாரி நேரில் பார்க்க வருவார் என்பதற்காகப் பின்கட்டுச் சுவரில் ஒரு பெயர்ப்பலகை மாட்டினாள். வந்தவர் அதன் கீழே அவளை நிறுத்திப் படம் பிடித்தார். இவ்வளவு சின்ன இடத்திலா என்று கேட்டார். வேலை இங்கே இல்லை சார், கம்பெனியில்தான் என்றாள். அவர் எதையோ எழுதிக்கொண்டு போனார். பன்னிரண்டு நாள் கழித்து நம்பர் வந்தது. ஊராட்சி உரிமத்துக்கு மூன்று தடவை நடந்தாள். முதல் தடவை ஆள் இல்லை, இரண்டாம் தடவை கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, மூன்றாம் தடவை கிடைத்தது. யாரும் காசு கேட்கவில்லை. யாரும் அவளை எடுத்தெறிந்து பேசவும் இல்லை. பின்னாளில் யோசித்துப் பார்த்தபோது அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கோபப்படுவதற்கு ஓர் ஆள்கூட அமையவில்லை.

மார்ச் முதல் வாரத்தில் தாளில் ஆறு வரி அடிபட்டிருந்தது. மிச்சம் ஒன்று. கான்ட்ராக்டர் லைசென்ஸ்.

அதற்கு விண்ணப்பம் போட, வேலை தருகிற கம்பெனி படிவம் ஐந்து என்று ஒரு சான்று தர வேண்டும். இந்த ஆளை நாங்கள் ஒப்பந்தத்துக்கு அமர்த்துகிறோம் என்று. கனகலட்சுமி வெங்கடேசனிடம் போனாள். அவர் அதற்கென்ன என்று உடனே கம்ப்யூட்டரைத் திறந்தார். கம்பெனியின் தலைமை அலுவலகம் புனேயில். அவர்கள் ஒப்பந்தக்காரர் பட்டியலில் பெயர் ஏறினால்தான் சான்று கொடுக்க முடியும். பட்டியலில் பெயர் ஏற்றுகிற பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. லைசென்ஸ் நம்பர் என்று அதில் போட்டிருந்தது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்கவில்லை.

"லைசென்ஸ் வாங்கத்தான சார் இந்தச் சான்றே?"

"அதான் எனக்கும் புரியல," என்றார் வெங்கடேசன்.

தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் நிலைமையைச் சொன்னாள். அங்கிருந்த உதவியாளர் பொறுமையாகக் கேட்டார். சட்டப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்துக் காட்டினார். சான்று இல்லாத விண்ணப்பத்தை அவரால் வாங்கவே முடியாது. உங்கள் கம்பெனியில் கேளுங்கள் என்றார். கம்பெனியில் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றாள். அவர் மறுபடியும் புத்தகத்தைக் காட்டினார். வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றாள். மூன்று பஸ்கள் அவளைத் தாண்டிப் போயின. எதிலும் ஏறத் தோன்றவில்லை.

வெங்கடேசன் புனேக்கு மெயில் மேல் மெயில் போட்டார். ஒரு வாரம் பதில் இல்லை. பெண்கள் தினமும் கேட்டார்கள், என்ன ஆச்சு என்று. ஆகிக்கொண்டிருக்கிறது என்றாள்.

வழி சொன்னது கவிப்பிரியாதான். எதையோ தட்டச்சு செய்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள். "எத்தினி பேருக்கா உன்கிட்ட? இருபது பேரு ஆனாத்தான் இந்த லைசென்ஸு. பத்தொன்பது பேருன்னா தேவையே இல்ல, தெரியுமா?"

கனகலட்சுமி அன்றைக்குத் தூங்கவில்லை. இருபத்திரண்டில் மூன்று போனால் பத்தொன்பது. மூன்று பேர். மறுநாள் வெங்கடேசனிடம் சொன்னாள். அவருக்கும் முகம் மலர்ந்தது. பத்தொன்பது பேரை வைத்துக் கம்பெனியைச் சுத்தமாக வைத்திருக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாள். பேர்ப் பட்டியலைக் கொடுங்கள், புனேக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார்.

பட்டியலை எழுத மூன்று நாள் ஆனது. யாரை நீக்குவது? புருஷன் இல்லாதவர்கள் நாலு பேர். பிள்ளைகளைக் கடன் வாங்கிப் படிக்க வைப்பவர்கள் ஏழு பேர். வாடகை வீட்டில் இல்லாதவர்கள் என்று பார்த்தாள். அது கொஞ்சம் நியாயமாகப் பட்டது. சொந்த வீடு இருப்பவர்கள் ஐந்து பேர். அதில் வயது கூடியவர்கள் மூன்று பேர். படப்பையில் மகனோடு இருக்கிற கங்கா. ஒரகடத்தில் சுமதி. மூன்றாவது பெயரை அவள் கடைசிவரை எழுதவில்லை. பத்தொன்பது பேரை எழுதி முடித்தபோது அந்தப் பெயர் தாளில் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

முனியம்மாளிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சொன்னாள். முனியம்மாள் வாசலில் குந்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கனகலட்சுமி எதிரில் உட்கார்ந்து, சட்டத்தையும் இருபது என்ற கணக்கையும் புனேயையும் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினாள். முனியம்மாள் செதில் தேய்ப்பதை நிறுத்தவில்லை. விளக்கம் நீண்டுகொண்டே போனது. ஆறு மாதத்தில் லைசென்ஸ் வாங்கிவிடுவேன், வாங்கினதும் முதல் ஆளாகக் கூப்பிடுகிறேன் என்று கனகலட்சுமி முடித்தாள்.

"யாரு யாரு?"

"கங்காக்கா. சுமதிக்கா."

"அப்பால நானு."

"யக்கா, ஒங்களுக்கு வீடு இருக்கு. அண்ணன் இருக்காவ. மத்தவளுக்கு…"

"சரிடி," என்றாள் முனியம்மாள். மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தேய்த்தாள். "அந்தாளு கையெழுத்துக்கு எட்டு நாளு வாயத் தொறக்காம இருந்தேன். குத்திக் காட்டணும்னு சொல்லல. சும்மா நெனப்பு வந்திச்சி."

கனகலட்சுமி எழுந்து பின்கட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. துவைக்கப் போட்டிருந்த துணியெல்லாம் எடுத்துத் துவைத்தாள்.

மார்ச் இருபத்தி நாலாம் தேதி புனேயிலிருந்து பதில் வந்தது. வெங்கடேசன் ஆள் அனுப்பாமல் தானே கேன்டீனுக்கு நடந்து வந்தார். அப்போதே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது. அறைக்குக் கூட்டிப்போய்க் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். இங்கிலீஷில் நாலு வரி. அவரே தமிழில் சொன்னார். சட்டத்தில் எத்தனை பேர் என்று இருந்தாலும், கம்பெனியின் கொள்கைப்படி ஆள் கணக்குப் பார்க்காமல் எல்லா ஒப்பந்தக்காரருக்கும் லைசென்ஸ் கட்டாயம்.

"அப்போ பத்தொன்பதும் ஒன்னுதான், இருபத்திரண்டும் ஒன்னுதானா சார்?"

"அப்படித்தான் ஆயிடுச்சி."

"நீங்க கையெழுத்துப் போட்டு அந்தச் சான்ற மட்டும் குடுத்துட்டா, நான் ஒரே வாரத்துல…"

அவர் மேசை மேல் கிடந்த பேனாவைப் பார்த்தார். கனகலட்சுமியும் பார்த்தாள். ஒரு கணம், எடுத்துவிடுவார் போலிருந்தது. பிறகு அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அந்த அதிகாரம் இல்லை, போட்டால் என் வேலை போய்விடும் என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது. ஆசை காட்டியதே தான்தான் என்றும் சொன்னார். அவள்தான் அவருக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. பரவாயில்லை சார், நீங்கள் என்ன செய்வீர்கள் என்றாள். வெளியே வரும்போது வழக்கம்போல அவர் மேசை மேலிருந்த காலி டீ கப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி சென்னையிலிருந்து ஒரு பெரிய நிறுவனம் வந்தது. நூறு இடங்களில் ஆள் வைத்திருப்பவர்கள். எல்லா லைசென்ஸும் கோப்புக் கோப்பாக வைத்திருந்தார்கள். இருக்கிற பெண்கள் இருபத்திரண்டு பேரையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கங்காவை, சுமதியை, முனியம்மாளை. ஒருவரையும் விடவில்லை. புதுச் சீருடை கொடுத்தார்கள், நீலத்தில்.

கனகலட்சுமியை எடுக்கவில்லை. சூப்பர்வைசரை அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். இனியவன் என்று ஒரு பையன், டிப்ளமோ படித்தவன். அவள் இறங்கிப் போய், துடைக்கிற வேலையாவது கொடுங்கள் என்று கேட்டாள். ஆள் எடுப்பவர் அவளுடைய பான் எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். உங்கள் பெயரில் இதே தொழில் செய்கிற நிறுவனம் பதிவாகியிருக்கிறதே, அப்படிப்பட்டவரை ஊழியராக எடுக்க எங்கள் விதி இடம் தராது என்று மரியாதையாகச் சொன்னார். நிறுவனத்தில் ஒன்றுமே இல்லை சார், அதில் நான் மட்டும்தான் இருக்கிறேன் என்றாள். புரிகிறது மேடம் என்றார் அவர். அவளை யாரும் அதற்கு முன் மேடம் என்று கூப்பிட்டதில்லை.

அதற்குப் பிறகு காலை ஐந்தரை மணிக்குக் கம்பெனி பஸ் வரும் சத்தத்தை அவள் படுக்கையில் இருந்தபடியே கேட்டாள். முனியம்மாள் கொலுசில்லாத கால்களோடு வாசலைத் தாண்டிப் போவதும் தெரியும். கோபம் ஒன்றும் காட்டவில்லை முனியம்மாள். எதிர்ப்பட்டால் "துன்னியாடி?" என்று கேட்பாள். ஆனால் முன்பெல்லாம் பதிலுக்குக் காத்திருப்பாள். இப்போது கேட்டுக்கொண்டே போய்விடுவாள். பேச எதுவும் மிஞ்சவில்லை என்பது போல இருந்தது அது. தசரதன்தான் வாரத்துக்கு ஒரு தடவை, அந்தப் பலகையைக் கழற்றிவிடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பதிவையெல்லாம் ரத்து செய்துவிடலாமா என்று கவிப்பிரியாவிடம் கேட்டாள். செய்யலாம் அக்கா, ஆனால் ஒரு வருஷம் ஒழுங்காகக் கணக்குக் காட்டி வைத்திருந்தால் அடுத்த தடவை எங்கேயாவது டெண்டர் போட உதவும், புது நிறுவனத்தை யாரும் சேர்க்க மாட்டார்கள் என்றாள் அவள். அடுத்த தடவை என்ற சொல்லை யாரோ சொல்லிக் கேட்பதே கனகலட்சுமிக்கு வேண்டியிருந்தது. இருக்கட்டும் என்றாள்.

சுங்குவார்சத்திரத்தில் இசக்கிதுரை என்பவர் லாட்ஜ் வைத்திருந்தார். திசையன்விளைக்காரர். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு வருகிற பிள்ளைகளுக்கு மாத வாடகைக்கு அறை விடுகிறவர். அங்கே சுத்தம் செய்ய ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டுப் போனாள். தன் பதிவுச் சான்றுகளையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு எடுத்துப் போயிருந்தாள். அவர் ஒவ்வொன்றாகக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் வச்சிருக்க தாயி. ஆனா நீ பில்லு போட்டா அதுக்கு மேல நான் பதினெட்டு சதவீதம்லா வரி கெட்டணும்? எனக்கு அது கெட்டுபடி ஆகாதுல்லா. நம்ம ஊர்ப் பிள்ளையா இருக்க. பில்லு கில்லு வேண்டாம்னா நாளைக்கே வா. கையில தந்திருதேன்."

"பில்லு இல்லாம செய்யக் கூடாது அண்ணாச்சி. பதிவு எடுத்துருக்கேன்."

"அப்போ வேற எடம் பாரு."

அவர் உறையைத் திருப்பிக் கொடுத்தார். கோபமில்லை, வெயிலில் வந்தவளுக்கு ஒரு சொம்பு தண்ணீரும் கொடுக்கச் சொன்னார். கனகலட்சுமி ரோட்டுக்கு வந்து, வேறு இரண்டு லாட்ஜ்களிலும் ஓர் ஓட்டலிலும் கேட்டாள். அங்கேயும் அதே பேச்சு. பெரிய இடங்களுக்கு அவளிடம் ஒரு தாள் குறைவாக இருந்தது, சின்ன இடங்களுக்கு ஒரு தாள் அதிகமாக இருந்தது. நாலு மணிக்கு மறுபடி இசக்கிதுரையின் லாட்ஜுக்கு வந்தாள். எத்தனை அறை அண்ணாச்சி என்று மட்டும் கேட்டாள்.

முப்பத்தாறு அறை. பன்னிரண்டு கழிப்பறை. வேலைக்கு ஆள் அவள் ஒருத்திதான். ஷிப்ட் பிள்ளைகள் போன பிறகு தொடங்கினால் முடிக்க மத்தியானம் மூன்று மணி ஆகிவிடும். வேலை அவளுக்குப் புதிதில்லை, கை தானாகச் செய்தது. பயம்தான் புதிது. தெருவில் யாராவது பேன்ட் சட்டை போட்டவர் நின்று லாட்ஜைப் பார்த்தால், வாளியை ஓரமாக வைத்துவிட்டுப் படிக்கட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். தாம்பரத்துக்காரரிடம் வேலை பார்த்த எட்டு வருஷத்தில் அவள் எதற்கும் ஒளிந்ததில்லை.

மே மாதம் கணக்குக் காட்டுகிற தேதி வந்தது. வியாபாரமே இல்லையென்றாலும், இல்லை என்று மாதாமாதம் அரசாங்கத்துக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அபராதம். லாட்ஜிலிருந்து நேராகக் கவிப்பிரியா கடைக்குப் போனாள். கூட்டமில்லை. கவிப்பிரியா அவளுடைய பக்கத்தைத் திறந்து, இந்த மாதம் வரவு ஏதாவது உண்டா என்று கேட்டாள்.

கனகலட்சுமியின் விரல் நுனிகள் பிளீச்சிங் பவுடரில் வெந்து தோல் உரிந்திருந்தன. கவிப்பிரியா அதைப் பார்த்தாள். பார்த்ததைக் கனகலட்சுமியும் பார்த்தாள்.

"இல்ல," என்றாள் கனகலட்சுமி.

கவிப்பிரியா திரைப் பக்கம் திரும்பினாள். பூஜ்யத்தை அடித்தாள். அடுத்த கட்டத்திலும் பூஜ்யம். மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று உறுதி கூறுகிறேன் என்ற வரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சதுரம் இருந்தது. அதை அவள் தன் பக்கத்திலிருந்து அழுத்தாமல், மவுஸைக் கனகலட்சுமி பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"நீயே அமுத்திடுக்கா," என்றாள்.

கனகலட்சுமி அழுத்தினாள். செல்போனில் ஆறு இலக்க எண் வந்தது. அதை ஒவ்வோர் இலக்கமாக வாசித்துச் சொன்னாள்.